இடது குழல் பன்றிக்கு

எங்கள் தெருவில் எனக்கு மான் வேட்டைக்காரன் என்று பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒன்றும் இருக்காது. நான் சுட்டதில் முக்கால்வாசி பன்றி. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, தின்னக் கூடாத, தொடக் கூடாத, வீட்டுக்குள் பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாத ஒரு பிராணியைச் சுடுவதற்காக விடியும் முன் எழுந்து சைக்கிள் மிதித்துப் போய், முள்ளில் கிழிபட்டு, வெறுங்கையோடு திரும்பி வருவான். ஐம்பதுகளின் பிற்பாதியிலிருந்து அறுபதுகள் முடிகிற வரை இதுதான் நடந்தது. இதற்கு மான் வேட்டை என்று பெயர் வைத்தவன் எதிரே வந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

வேறு வழியும் இல்லை. மான் இருந்த இடம் சிறுமலைக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தை விட்டுத் தள்ளி நின்ற ஒரு கரடு. கரடு என்றால் பாறையும் சூரைமுள்ளும் உடைமரமும் மண்டிய குட்டி மலை. பகலெல்லாம் புள்ளிமான்கள் அதில் படுத்துக் கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் இறங்கி, சுற்றியிருந்த கடலைக்காட்டிலும் சோளக்காட்டிலும் மேயும். அதே கரட்டில்தான் பன்றிகளும் குடியிருந்தன. துப்பாக்கிக்காரன் ஒரு பக்கம் நிற்க, ஊர் ஆட்கள் மறுபக்கத்திலிருந்து தகரம் தட்டிக் கூச்சல் போட்டுக் காட்டைக் கலைத்தால்தான் எதுவும் வெளியே வரும். கலைக்க வருகிற, வெள்ளாமை செய்யும் சம்சாரிகளுக்கு மான் மேல் ஒரு கோபமும் கிடையாது.

“மான் என்ன செஞ்சிருச்சு மாப்பிள்ளை? ரெண்டு கொழுந்தைக் கடிக்கும், போயிரும். இந்தச் சனியன் காட்டையே உழுதுட்டுல்ல போகுது” என்பார் மாமா.

மாமா எனக்கு ரத்த உறவில்லை. கரட்டை ஒட்டிக் காடு வைத்திருந்த விவசாயி. என் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, வாலிபத்திலிருந்தே வேட்டைக்குத் திரிந்தவர். அத்தா அவரை மச்சான் என்பார், அவரும் அத்தாவை மச்சான் என்பார். ஆகவே எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் இப்படி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வதற்குச் சாதியும் மதமும் குறுக்கே வந்ததில்லை.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டியதுதான் அந்த ஏற்பாடு. எங்கள் துப்பாக்கி இரட்டைக்குழல். வலது குழலில் ஈய ரவைகள் அடைத்த தோட்டா, அது மானுக்கு. இடது குழலில் ஒற்றைக் குண்டுத் தோட்டா, அது பன்றிக்கு. மான் விழுந்தால் எங்களுக்கு, பன்றி விழுந்தால் ஊருக்கு. பன்றி எதிரே வந்தால், பின்னால் மான் வரும் என்று அதைத் தப்பவிடக் கூடாது. இடது குழல் ஊர்ச் சொத்து. துப்பாக்கியை என் பேருக்கு மாற்றிக் கொடுத்தபோது அத்தா இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கும். பாறை மேல் உட்கார்ந்து பார்த்தால்தான் கொடுமை தெரியும். மான் லேசில் வெளியே வராது. காதை நிமிர்த்தும், ஓரடி வைக்கும், நிற்கும், யோசிக்கும். பன்றிக்கு யோசனையே கிடையாது. தகரச் சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு நேரே வரும். அது ஒரு உறுமல் உறுமினால் போதும், மான் வந்த தடம் தெரியாமல் மறைந்துவிடும். ஏற்பாட்டின்படி நான் இடது குழலை வெடிப்பேன். அந்த வெடிச்சத்தத்தில் மிச்சமிருக்கும் மான்களும் சிறுமலைப் பக்கம் ஓடிவிடும். ஊர் சந்தோஷப்படும். பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். யாராவது ஒருவன், “ராவுத்தரே, ஈரலை மட்டும் உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா?” என்று சீண்டுவான். நானும் பதிலுக்கு அவன் மாமியார் வீட்டை இழுத்து ஏதாவது சொல்லுவேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவேன்.

வீட்டில் அடுத்த படலம். அம்மா கொல்லை வாசலிலேயே நிற்பாள். மான் கிடைத்ததா என்று கேட்க மாட்டாள்.

“இன்னிக்கும் அதுவா?”

“அதுதான்.”

“அப்படியே நில்லு. துணியைக் கழத்தி வாளியில போடு. குளிச்சிட்டு உள்ள வா.”

நான் அதைத் தொடவே இல்லை, தூரத்தில் நின்று சுட்டதோடு சரி என்று சொன்னால் எடுபடாது. கிணற்றடியில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது, இந்தப் பிழைப்பு தேவையா என்று தோன்றும். அடுத்த விடுமுறையில் மறுபடி போவேன். துப்பாக்கி இருக்கிறவனுக்குப் பிடிக்கிற பைத்தியம் அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அத்தாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணி, பேச்சு குழறியது. முன்பு தோல் ஷாப்பில் அவர் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். இப்போது தண்ணீர் வேண்டும் என்று சொல்லவே பாடுபட்டார். அதைவிடப் பெரிய கஷ்டம், சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் அப்படியே வைத்திருப்பார். அம்மா கெஞ்சுவாள், அக்கா கெஞ்சுவாள், நான் அதட்டுவேன். கன்னம் ஒட்டிப்போய், கட்டிலில் ஆள் கிடக்கிறாரா என்று பார்க்கும்படி ஆகிவிட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் பத்தியம் ஒன்றும் வேண்டாம், வாய்க்கு எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மான்” என்றார். பிறகு மெதுவாக, “மிளகு போட்டு” என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். கேட்டதில் சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆட்டுக்கறி என்றால் நாலு எட்டில் வாங்கி வந்துவிடுவேன். மான்கறிக்கு எங்கே போவது? யாராவது வேட்டைக்காரனிடம் கேட்டு வாங்கலாம் என்றால், அது எங்களுக்கு ஆகாது. சுட்டதும் செத்துப்போன மான் எங்களுக்குச் செத்த பிராணிதான். உயிர் இருக்கும்போதே எங்கள் ஆள் ஒருவர் அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுத்திருக்க வேண்டும். எத்தனையோ தடவை நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள் மான் கண்ணை மூடிவிட, அதை ஊருக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அத்தா அதில் கறார். படுக்கையில் விழுந்த பிறகும் கறார். கோழி என்றாலும் யார் அறுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அன்றே மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் மறுநாளே ஆட்களைத் திரட்டிவிட்டார். கடலை பிடுங்குகிற காலம். அவரவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். “மச்சான் ஒரு வாய் கேட்டிருக்காரு. ஏலே, இன்னிக்கு எவனும் பன்னி பன்னின்னு கத்தக் கூடாது. மான் வர்ற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டுத் தகரத்தை மட்டும் தட்டுங்க” என்று அவர்களிடம் சத்தம் போட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பன்றிக்கு அது தெரியவில்லை. முதல் தடவை போனபோது குட்டிகளோடு ஒரு கூட்டம் வந்து, மான் படுத்திருந்த பள்ளத்துக்குள்ளேயே புகுந்து, எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அடுத்த தடவை ஒரு பெட்டைமான் எனக்கு நேரே வந்து நின்றது. நான் துப்பாக்கியைத் தோளில் வைத்த நேரத்தில் புதரிலிருந்து ஒற்றைப் பன்றி உறுமிக்கொண்டு வந்தது. மான் போய்விட்டது. நான் ஆத்திரத்தில் இரண்டு குழலையும் பன்றியின் மேலேயே வெடித்தேன். அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லை வாசலில் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை மட்டும் நகர்த்தி வைத்தாள். உள்ளே அத்தா கண்ணை விரித்து என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள், பன்றியால் அழுதேன் என்று யாரிடம் சொல்வது?

கார்த்திகை மாதம் மறுபடி போனோம். நல்ல பனி. புல் எல்லாம் நனைந்து, போட்டிருந்த சட்டையும் தோட்டாப் பையும் சொதசொதவென்று ஆகிவிட்டன. அன்றைக்கு முதல் கலைப்பில் ஒரு பெண் பன்றிதான் வந்தது. இடது குழலால் சுட்டேன். குற்றுயிராகக் கிடந்ததை மாமா தம் இடுப்புக் கத்தியால் முடித்துவைத்தார். இதோடு சரி, இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பிவிடலாம் என்றேன். மாமா விடவில்லை.

“செத்த நேரம் பொறுங்க மாப்பிள்ளை. தெக்குப் பக்கம் இன்னும் கலைக்கல. கொம்பு வச்சது ஒண்ணு அங்கதான் படுக்குது, எனக்குத் தெரியும்.”

இடது குழலில் வேறு தோட்டா போட்டுக்கொண்டதும், என்னைத் தெற்கே ஓடைக் கரையில் இருந்த பாறையடியில் நிறுத்தினார். அவர் ஓடைக்கு அந்தப் பக்கம், தம்முடைய கடலைக்காட்டு வரப்பில் போய் நின்றுகொண்டார். ஆட்கள் கரட்டைச் சுற்றி வந்து மறுபடி தகரம் தட்டத் தொடங்கினார்கள்.

வந்தது. கொம்பு வைத்த புள்ளிமான். ஓடையை ஒட்டி மெதுவாக நடந்து வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. நான் பிஸ்மி சொல்லி வலது குழலை வெடித்தேன். மான் தடுமாறிப் பின்பக்கமாகச் சரிந்து, எழுந்து, மூன்று காலில் ஓடையைத் தாண்டிப் போய் மாமாவின் கடலைக்காட்டில் விழுந்தது. நான் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கத்தியை உருவியபடி ஓடைக்குள் இறங்கினேன்.

அதே ஓடைக்குள் அதுவும் இறங்கியது. அவ்வளவு பெரியதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கரட்டின் கிழட்டு ஆண் பன்றி, தேற்றைப் பல் இரண்டும் வெளியே வளைந்து நின்றன. நேரே என்னைப் பார்த்து வந்தது. இடது குழலை வெடித்தேன். முன்னங்காலில் பட்டது. விழுந்து எழுந்து, இன்னும் கோபமாக வந்தது. நான் கத்தியைப் போட்டுவிட்டுப் பாறை மேல் ஏறிவிட்டேன். ஏறிய விதத்தை யாரும் பார்க்காதது நல்லது.

அது போகவில்லை. பாறைக்கு அடியில், ஓடைத் தடத்தை மறித்துக்கொண்டு, நொண்டி நொண்டி இங்கும் அங்கும் நடந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. நான் துப்பாக்கியை மடக்கி, வெடித்த தோட்டாக்களை வெளியே இழுத்தேன். வரவில்லை. அந்தக் காலத்துத் தோட்டாவுக்குக் காகித உறை. பனியில் ஊறி உப்பிப்போய்க் குழலுக்குள் இறுகிக்கொண்டது. நகத்தால் நெம்பினேன். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கையில் துப்பாக்கி இருந்தும் கம்பு வைத்திருப்பவனைவிடக் கேவலமாக அந்தப் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன்.

பாறை மேலிருந்து கடலைக்காடு நன்றாகத் தெரிந்தது. மான் கிடந்தது. தலையைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தது. மாமா அதை நோக்கி ஓடினார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்.

“கண்ணு சொருகுது மாப்பிள்ளை! வெரசா வாங்க!”

“பன்றி மறிச்சு நிக்குது மாமா! இறங்க முடியல!”

அவர் மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியை எடுத்து, தரையில் உட்கார்ந்து, மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். குடிக்கக் கொண்டு வந்திருந்த கலயத்துத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். எதற்கு இந்த நேரத்தில் கத்தியைக் கழுவுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. மானின் தலையைத் திருப்பி வைத்தபோதுதான் புரிந்தது. மேற்கே, நாங்கள் தொழுகிற திசைக்குத் திருப்பினார்.

“வேணாம் மாமா! நீங்க அறுக்காதீங்க! வேணாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆட்கள் அந்நேரம் கரட்டைத் தாண்டி எங்கள் பக்கமே வந்துவிட்டார்கள். அத்தனை தகரத்தின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆட்களையும் நாய்களையும் பார்த்த பிறகுதான் பன்றி தடத்தை விட்டு முள்ளுக்குள் நொண்டிப் போனது. நான் ஓடையைத் தாண்டிப் போனேன். மாமா எழுந்து நின்றார். இரண்டு கையும் ரத்தம். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“உசுரு இருக்கும்போதே அறுத்துட்டேன் மாப்பிள்ளை. காலை உதைச்சுச்சு, பாத்தேன். தலை மேக்க. பிஸ்மில்லா, அல்லாகு அக்பர், அம்புட்டும் சொல்லிட்டேன். இம்புட்டு வருசமா மச்சான் அறுக்குறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? கத்தியில காலையில பன்னி ரத்தம் பட்டுச்சுல்ல, மண்ணுப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன். கொண்டுபோயி மச்சானுக்குக் குடுங்க.”

மானின் கழுத்தைப் பார்த்தேன். அறுப்பு கச்சிதமாக இருந்தது. எங்கள் கறிக்கடைக்காரர்கூட அவ்வளவு சுத்தமாக அறுத்திருக்க மாட்டார். ஒரு கணம் மனசு அலைந்தது. யாருக்குத் தெரியப் போகிறது, கொண்டு போய் ஆக்கிக் கொடுத்துவிடலாமே என்று. ஆனால் அத்தா கேட்பார். யார் அறுத்தது என்று அந்தக் குழறிய வாயால் கேட்பார். நான் அறுத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

நான் பேசாமல் நின்றதிலேயே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆகாதா?”

“இல்ல மாமா. எங்க ஆளுதான் அறுக்கணும்.”

“வார்த்தையைச் சரியாச் சொன்னேனே.”

“சொன்னீங்க மாமா. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா ஆகாது.”

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “கெடுத்துட்டேனே” என்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் வரப்பில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பன்றி மேலும் வந்தது, அந்தக் காகிதத் தோட்டா மேலும் வந்தது. எல்லாவற்றையும்விட, கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் இருந்ததுதான் அதிகம். பிடுங்கிப் போட்டிருந்த கடலைச்செடிக் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கறியை ஊரே எடுத்துக்கொள்ளட்டும், தோலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கறி ஆகாவிட்டாலும், பதனிட்ட பிறகு தோல் எங்களுக்கு ஆகும். தோல்காரன் வீட்டுப் பிள்ளை, மற்றவர்கள் உரித்தால் கத்தி போட்டுக் கிழித்துவிடுவார்கள் என்று நானே உரித்தேன். உரிக்கும்போது பார்த்துவிட்டேன். ரவை அத்தனையும் பின்னந்தொடையில்தான் பட்டிருந்தது. எலும்பு ஒடிந்திருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு பொட்டு இல்லை. அந்த மான் லேசில் செத்திருக்காது. பயத்தில் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் பாறையிலிருந்து இறங்கி வருகிற வரை மட்டுமல்ல, அதற்கு மேலும் உயிரோடு கிடந்திருக்கும்.

தோலைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கொல்லை வாசலில் சாக்கைப் பார்த்ததும், “கிடைச்சிருச்சா!” என்று கையைத் தூக்கி துவா செய்துவிட்டாள். நான் சொன்னதும் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். குளித்துவிட்டு அத்தாவிடம் போனேன். மிளகு அரைத்து வைத்திருந்தார்கள்; அந்த வாசனை வீடு முழுக்க இருந்தது. அவரும் அதை முகர்ந்துகொண்டு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். பன்றி மறித்ததை, தோட்டா இறுகியதை, மாமா கத்தியைக் கழுவியதை.

“மேற்க... பார்த்துப் போட்டானா?”

“போட்டாரு அத்தா.”

“பிஸ்மி?”

“சொன்னாராம். அல்லாகு அக்பரும் சேர்த்துச் சொன்னாராம்.”

அத்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கோணிய வாயால் சிரித்துச் சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் அது அழுகையாகவே ஆகிவிட்டது. ஒரு வாய் கறிக்காக அத்தனை நாள் காத்திருந்த மனிதர் அவர்.

பிறகு, “தோல்” என்றார்.

கட்டிலில் ஒரு பழஞ்சாக்கை விரித்துத் தோலை அதன் மேல் போட்டேன். ஆயுசு முழுக்கத் தோலைத் தடவிப் பார்த்தே அது நோய் கண்ட ஆடா, பட்டினி கிடந்த ஆடா என்று சொல்லிவிடுகிற கை. இடது கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். பின்னந்தொடைக்கு வந்ததும் விரல் நின்றது. ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சுப் பக்கம் போய்த் தேடினார். ஒன்றுமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“செத்த... பொறுத்திருந்தா...”

“ஆமா அத்தா.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று தோலைச் சுருட்டப் போனேன். என் கையைப் பிடித்தார்.

“மச்சான்கிட்ட... சொல்லிராத. நெஞ்சுலன்னு சொல்லு. எப்படியும்... ஆகியிருக்காதுன்னு சொல்லு.”

எனக்கு ஆற்றாமையாக வந்தது. வாயில் போக வேண்டியது போய்விட்டது; அதைக் கெடுத்தவர் மனசு நோகக் கூடாதே என்று இவருக்குக் கவலை. சரி என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய்த் தோலுக்கு உப்புப் போட்டேன்.

அதற்குப் பிறகும் கரட்டுக்குப் போனேன். மான் சிறுமலைக்கு ஏறிவிட்டது. வந்ததெல்லாம் பன்றிதான். ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். ஒரு மூட்டைக் கடலையை இறக்கி வைத்துவிட்டு அத்தாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை. அத்தா இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நொண்டிப் பன்றியை ஆட்கள் முடித்துவிட்டார்கள் என்று மாமா சொன்னார். “சந்தோஷம் மச்சான்” என்றார் அத்தா. மான் என்ற வார்த்தையை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

தை பிறப்பதற்குள் அத்தா போய்விட்டார். மிளகு போட்ட ஆட்டுக்கறியை மான்கறி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள் என்று அம்மா ஊட்டிப் பார்த்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டார், அவளுக்காக. மாமா ஊர் ஆட்களோடு வந்து, அத்தாவைச் சுமந்த சந்தூக்குக்குப் பின்னாலேயே கபர்ஸ்தான் வாசல் வரை நடந்து, வெளியில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அடக்கம் முடிந்து நாங்கள் எல்லோரும் வந்த பிறகும் நின்றார்.

சில மாதம் கழித்து ஊரிலிருந்து ஆள் வந்தது. மரவள்ளிக் கிழங்கில் பன்றி புகுந்துவிட்டது, துப்பாக்கியை எடுத்து வரச் சொன்னார்கள். எனக்கு இஷ்டமே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இடது குழல் அவர்களுடையது, மறுப்பதற்கு நான் யார்? போனேன். இரண்டு பன்றி விழுந்தன. ஆட்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, மாமாவும் நானும் அவருடைய கிணற்று மேட்டில் உட்கார்ந்தோம். அவர் வெற்றிலையை எடுத்து, மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்த மானுக்கு எங்க பட்டிருந்துச்சு?”

நான் இந்தக் கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“நெஞ்சுல மாமா.”

“நல்லாப் பாத்தீகளா?”

“நான்தானே உரிச்சேன்? நெஞ்சுலதான். நான் வந்து சேர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும். நீங்க அறுத்தாலும் அறுக்காட்டியும் எங்களுக்கு ஆகியிருக்காது. அதை நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க.”

அவர் தலையாட்டினார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டார். நரம்பைக் கிழித்தார்.

“எங்க வீட்டுக்குப் பங்கு வந்தது பின்னந்தொடைக் கறி மாப்பிள்ளை. எனக்கு மனசே இல்ல. உங்க அத்தைதான் ஒரு வாய் திங்கச் சொன்னா. முதல் வாயிலயே பல்லுல ஈயம் கடிபட்டுச்சு. சட்டியைக் கவுத்துப் பாத்தேன். அம்புட்டு ரவையும் அதுலதான் கெடந்துச்சு.”

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

“மச்சான் சொல்லச் சொன்னாரா?”

“ஆமா மாமா.”

துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கையில் கிழிந்து கிடந்த வெற்றிலையைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு எழுந்தார்.

“அப்ப நெஞ்சுலதான் மாப்பிள்ளை. யாரு கேட்டாலும் நெஞ்சுலன்னே சொல்லுவோம்.”